தனசேகர் பயந்த கதை

ஆத்தூர் கடைவீதியில் தார்ப்பாய் விற்கிறவன் நான். பெயர் முபஷிர். மழை வந்தால் எனக்கு வியாபாரம், இடி இடித்தால் எனக்குப் பயம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு கடையை நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. வானம் கறுத்ததும் ஆட்கள் ஓடி வருவார்கள். "பாய், சீக்கிரம் எடுங்க, பெருசா எடுங்க" என்பார்கள். நான் கடையின் உள்பக்கம், சுருட்டி நிறுத்திய தார்ப்பாய்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டி எடுத்துக் கொடுப்பேன். எதிர்க்கடைக்காரருக்கு அதைப் பார்த்து வருடம் முழுவதும் சிரிப்பு.

இப்படிப்பட்ட நான் சில வருடங்கள் இடியைத் தேடிக்கொண்டு பைக்கில் சுற்றினேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். என் மனைவி இர்பானா இன்றைக்கும் நம்பவில்லை. சுற்றியது வேறு எதற்கோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. சுற்ற வைத்தவன் தனசேகர். அவன் இப்போது இல்லை. அவனைப் பற்றி மங்களபுரம் பக்கத்தில் ஒரு கதை சொல்கிறார்கள். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மண்டைக்குள் சுள்ளென்று ஏறுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தனசேகர் மங்களபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கள மேஸ்திரி. களம் என்றால் நெல் அடிக்கிற களம் இல்லை. சிமென்ட் போட்டுப் பூசிய பெரிய வெட்டவெளி. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து, மாவெடுத்து, உருட்டி, வறுத்து, கடைசியில் அங்கே கொண்டுவந்து கொட்டிப் பரப்பி வெயிலில் காயப் போடுவார்கள். அதைக் கிளறுவது, புரட்டுவது, அள்ளுவது எல்லாம் பெண்கள். அவர்களை வைத்து வேலை வாங்குவது அவன். வேலை வாங்கினான் என்று சொல்வதுகூடத் தப்பு. அவர்கள் பாட்டுக்குச் செய்வார்கள், இவன் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பான். களத்தில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. மேலே பார்த்துக்கொண்டே நடந்து நடந்து எதிலாவது இடித்துக்கொள்வான். அவன் கால் கட்டைவிரல் நகம் முழுசாக இருந்து நான் பார்த்ததில்லை.

அவன் மனைவி ஆராயியும் அதே களத்தில்தான் வேலை செய்தார். கிழங்குத் தோல் உரிக்கிற இடத்தில் சேர்ந்து, பிறகு களத்துக்கு வந்தவர். அவர்களுக்கு ஒரே மகள் இலக்கியா. சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், ஏற்காடு மலை மேல் மேகம் எப்படி இருக்கிறது என்று கேட்பானாம். அவள் ஜன்னலைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

என் கடைக்கு அவன் முதல்முறை வந்தது சண்டை போட. சண்டை என்று அவன்தான் பிறகு சொன்னான், எனக்கு அது அப்படித் தெரியவில்லை.

"பாய், நீங்க குடுத்த தார்ப்பாய் கொல்லிமலைக்குப் போயிருச்சுங்க" என்றான்.

"என்னய்யா சொல்றே?"

"காத்து தூக்கிட்டுப் போயிருச்சுங்க. மேல ஏறி, முள்ளுக்குறிச்சி பக்கம் திரும்பிருச்சு. நானும் பின்னாடியே கொஞ்ச தூரம் வண்டியில போனனுங்க."

"தார்ப்பாய புடிக்கவா?"

"இல்லீங்க. காத்து எங்க இருந்து கெளம்புதுன்னு பாக்க."

அவனை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். பேசிக்கொண்டே அவன் போனை எடுத்தான். அதில் மழைமேகத்தைக் காட்டும் ரேடார் படம் திறந்திருந்தது. நானும் என் போனை எடுத்தேன். அதிலும் அதே படம். பயந்தவன் இல்லையா, எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள நான் எப்போதும் அதைத் திறந்து வைத்திருப்பேன். இருவரும் போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். போதமலைக்குப் பின்னால் ஒரு சிவப்புப் புள்ளி முளைத்திருந்தது. "போலாங்களா பாய்?" என்றான். எனக்கு என்ன வந்ததோ, கடையை அடைத்துவிட்டு அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு எத்தனை வருடம் பழகியும் அவன் அந்த 'ங்க'வை விடவில்லை. நான் வா போ என்பேன், அவன் வாங்க போங்க என்பான். கேட்டால் அது வாய்ப் பழக்கம் என்பான்.

கோடை இடிமழையைத் துரத்துவதில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் மத்தியானம் வரைக்கும் வானம் வெறிச்சென்று கிடக்கும். அப்புறம் மலை உச்சியில் கைப்பிடி அளவு வெள்ளை தெரியும். நாம் டீ குடித்து முடிப்பதற்குள் அது பால் பொங்குவது மாதிரிப் பொங்கும். அதன் அடிவயிறு கறுக்கும். உச்சி மேலே போய் முட்டி, பக்கவாட்டில் தட்டையாகப் பரவும். அந்த நேரத்தில் காற்று சட்டென்று நின்றுவிடும். பிறகு சில்லென்று ஒரு காற்று தரையோடு வரும், மண்வாசனையோடு. அந்தக் காற்று முகத்தில் படும்போது எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருக்கும். ஓடவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. சின்ன வயதில் எங்கள் தெருவில் வெறிநாய் வந்தபோது கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே மாதிரிதான் இதுவும்.

தனசேகர் அப்படியில்லை என்றுதான் நினைத்தேன். இடி இடிக்கும், நான் "யா அல்லாஹ்" என்று அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அவன் வண்டியை ஓரம் கட்டி, "எங்க விழுந்துச்சுன்னு பாத்தீங்களா?" என்பான். நான் கண்ணையே திறக்கவில்லை, எங்கே பார்ப்பது? என்னைக் கிண்டல் செய்ய மாட்டான். ஒருமுறை நாமகிரிப்பேட்டை தாண்டி, ரோட்டோரக் கோழிப்பண்ணையின் தகரம் ஒன்று பறந்து வந்து எங்களுக்கு முன்னால் விழுந்தது. நான் வண்டியிலிருந்து இறங்கி சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தேன். அவன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு அமைதியாக நின்றான். தைரியசாலி என்றால் இவன்தான் என்று எனக்குத் தோன்றியது. அவன் கைகளை இரண்டு பாக்கெட்டிலும் விட்டுக்கொண்டு நின்றான். ஏன் அப்படி நின்றான் என்று அன்றைக்கு எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

எல்லாம் மாறியது மேச்சேரியில். மேட்டூர்ப் பக்கம் பெரிதாக ஒரு மேகம் கட்டுகிறது என்று நாங்கள் இருவரும் இருந்த வானிலை வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. போனோம். மேச்சேரிக்கு வெளியே செம்மண் மேட்டில் ஒரு டீக்கடைக் கூரைக்குக் கீழே நின்றிருந்தோம். எதிரே காட்டில் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். மேகம் இன்னும் தள்ளித்தான் இருந்தது. எங்கள் தலைக்கு மேல் வெளுப்பாகத்தான் இருந்தது, ஒரு பக்கம் வெயில்கூட அடித்தது. ஆட்கள் எல்லாம் சாவகாசமாக நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஆடுகள் வேப்பமரத்தடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

பளிச்சென்று ஒன்று. சத்தம் காதில் விழுந்ததா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. கண்ணைத் திறந்தபோது ஆடுகள் நிற்கவில்லை. எல்லாம் படுத்துக் கிடந்தன, ஒரே பக்கமாகத் தலை வைத்து. தூங்குவது போல இருந்தன.

மேய்த்தவர் காளியப்பன். மரத்துக்கு வெளியே குத்தவைத்திருந்தவர் அப்படியே மல்லாந்து கிடந்தார். தூக்கி உட்காரவைத்தோம். உயிர் இருந்தது. காது கேட்கவில்லை. "என்னுங்க ஆச்சு? ஆடெல்லாம் ஏன் படுத்திருக்குது?" என்று கத்திக் கத்திக் கேட்டார். நாங்கள் சொல்வது அவர் காதில் விழவில்லை. எழுந்து போய் ஒவ்வோர் ஆடாகக் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். தனசேகர் அவர் பின்னாலேயே போனான். குனிந்து ஓர் ஆட்டின் வயிற்றில் கை வைத்துவிட்டு எடுத்தான். அவர் குடும்பத்து ஆட்கள் வந்து சேரும்வரை நாங்கள் அங்கிருந்து நகரவில்லை.

திரும்பி வரும்போது ஓமலூர் தாண்டியதும் அவன் வண்டியை நிறுத்தினான்.

"மழை விழலீங்க பாய்."

"ஆமா."

"ஒரு சொட்டு விழலீங்க. அதுக்கு முந்தியே வந்துருச்சு."

"அதான் பாத்தோமே. கெளம்பு, எனக்கு மயக்கமா வருது."

"எங்க களத்துல மழை வாரதுக்கு முந்தித்தானுங்க எல்லாரும் வெளிய ஓடியாராங்க" என்றான்.

அவன் சொன்னது எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. உலகத்தில் எல்லா ஊரிலும் வானம் இடித்தால் ஆட்கள் வெளியே இருந்து உள்ளே ஓடுவார்கள். ஜவ்வரிசி ஆலையில் மட்டும் உள்ளே இருந்து வெளியே ஓடுவார்கள். மேகம் கறுத்தால் ஆலைச் சங்கு ஊதும். தோல் உரிக்கிறவர்கள், வறுக்கிறவர்கள், எடை போடுகிறவர் எல்லாரும் போட்டது போட்டபடி களத்துக்கு ஓடிவந்து, பலகையால் இழுத்துக் குவித்து, தார்ப்பாயைப் போட்டு மூடி, ஓரத்தில் கல் வைப்பார்கள். நனைந்தால் புளித்துப்போகும், மஞ்சளாகிவிடும். சங்கு ஊதியும் வராமல் உள்ளே நிற்கிற பெண்ணோடு மற்ற பெண்கள் ஒரு வாரத்துக்குப் பேச மாட்டார்கள். முப்பது பேர், மரம் மட்டை எதுவும் இல்லாத வெட்டவெளியில், சரியாக இடி விழுகிற நேரம் பார்த்து. இத்தனை வருடமாக அவர்களுக்கு நான் தார்ப்பாய் விற்றிருக்கிறேன், எனக்கு இது உறைத்ததே இல்லை.

அதற்குப் பிறகு அவன் துரத்தியது ஆசைக்காக இல்லை. மேகம் மலை மேல் கட்டும்போதே கண்டுபிடித்து, இடி எட்டுவதற்குள் களத்தை அள்ளி முடிக்க வைக்க வேண்டும். அதுதான் அவனுக்கு ஒரே நினைப்பு. முதலாளி ஜெகதீஸ்வரனிடம் போய்ச் சொன்னான். அவர் மோசமான ஆள் இல்லை, "சரி, நீ சொன்னா ஊதிக்கலாம்" என்றார். இரண்டு முறை அப்படியே நடந்தது. அள்ளி மூடிய பிறகுதான் இடித்தது. தனசேகர் எனக்குப் போன் செய்து, "எல்லாரும் உள்ள இருக்காங்க பாய்" என்பான். அதைக் கேட்டால் எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

மூன்றாவது முறை சொதப்பியது. கொல்லிமலை மேல் கட்டியது கல்வராயன் பக்கம் நழுவிப் போய்விட்டது. நல்ல வெயிலில் களத்தை அள்ளி மூடிவிட்டு எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். பாதி காய்ந்த ஜவ்வரிசி குவியலுக்குள்ளேயே வேர்த்துக் கட்டி பிடித்துவிட்டது. முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார், "தனசேகரு, உன் சோசியம் போதும். இனிமே மேகத்தப் பாத்துச் சங்கு ஊதக்கூடாது. தூத்தல் விழட்டும், அப்பறம் பாத்துக்கலாம்." பெண்கள் சிரித்தார்கள். ஆராயி சிரிக்கவில்லை, அவருக்கு அவமானம். அன்றைக்கு வீட்டில் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, "ஏனுங்க, உங்களுக்கு இது தேவையா?" என்று மட்டும் கேட்டாராம்.

அவன் அதை என்னிடம் சொன்னபோது, "விடுய்யா, அவங்க தலையெழுத்து" என்றேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோபித்துக்கொண்டானோ என்று எனக்கு இரண்டு நாள் உறுத்தலாக இருந்தது.

போன வருடம் சித்திரை, சீசன் முடிகிற நேரம். முதலாளி அவனைப் புதுத் தார்ப்பாய் வாங்கி வரச் சொல்லி என் கடைக்கு அனுப்பியிருந்தார். நான் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், அவன் வெளியே நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்தபோது அவன் முகம் சரியில்லை.

"பாய், வண்டி எடுங்க."

"எங்கே?"

"ஆலைக்குங்க. கொல்லிமலையில கட்டி எறங்கிட்டு வருது. இந்த வாட்டி நழுவாதுங்க."

எனக்கு அந்த மேகத்தைப் பார்த்ததும் போகக்கூடாது என்றுதான் தோன்றியது. அது வெள்ளையாகப் பொங்கும் மேகமில்லை. அடியில் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது, உள்ளுக்குள்ளேயே மின்னிக்கொண்டிருந்தது. ஆனால் தார்ப்பாய்க் கட்டைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், வண்டியை ஓட்டுகிற நிலைமையிலும் அவன் இல்லை. நான் ஓட்டினேன். அவன் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போன் போட்டுக்கொண்டே வந்தான்.

முதலாளி எடுத்தார். அவர் குரல் எனக்கே கேட்டது. "இங்க வெயிலடிக்குதுய்யா. தூத்தல் விழட்டும்."

ஆராயிக்குப் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. களத்துப் பெண்கள் போனைச் சோற்றுப் பையில் வைத்து உள்ளே மாட்டிவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவார்கள். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தாலும் மல்லியகரை தாண்டி, மங்களபுரம் வரைக்கும் போட்டுக்கொண்டே வந்தான். அப்போதுதான் என் முதுகில் அவன் முழங்கை படுவதை உணர்ந்தேன். அது ஆடிக்கொண்டிருந்தது. வண்டி குலுக்கலில் ஆடுகிறது என்று முதலில் நினைத்தேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது.

ஆலைக்குத் திரும்பும் மண்பாதையில் காற்று நின்றுபோனது. ஒரு காக்காய் சத்தம் இல்லை. அப்போது சங்கு ஊதியது.

"ஊதிட்டாங்க" என்றான் தனசேகர். அவன் குரல் சின்னப் பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது.

நாங்கள் உள்ளே போனபோது எல்லாரும் களத்தில் இருந்தார்கள். தூறல்கூட ஆரம்பிக்கவில்லை, ஒன்றிரண்டு சொட்டு விழுந்திருந்தது, அவ்வளவுதான். பெண்கள் பலகையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அள்ளிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்திக் கம்பி வேலி ஓரமாக இறங்கினேன். வேலி சத்தம் போட்டது. சட்டியில் எண்ணெய் காய்கிற மாதிரி மெல்ல ஒரு சுர்ர்ர். என் கை மயிர் எல்லாம் எழுந்து நின்றது. நான் குளிர் என்று நினைத்தேன். தனசேகரின் தலைமுடியும் மேலே எழும்பியதைப் பார்த்த பிறகுதான் அது குளிர் இல்லை, இடி விழப்போகிறது என்று தெரிந்தது.

"உள்ள போங்க. எல்லாரும் உள்ள போங்க" என்று கத்திக்கொண்டே அவன் களத்துக்குள் ஓடினான்.

யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆராயி மட்டும், "வந்து ஒரு பலகையப் புடிங்க" என்றார். ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தான், அவள் உதறிவிட்டுத் திரும்பவும் அள்ளினாள். தெற்கே, தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒன்று விழுந்தது. தரை அதிர்ந்து என் உள்ளங்கால் வரைக்கும் வந்தது. பெண்கள் இடி தங்கள் மேல் விழாமலிருக்க "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே இன்னும் வேகமாக அள்ளினார்கள்.

அவன் ஒரு நொடி நின்றான். பிறகு களத்தோரம் கிழங்கு கழுவுகிற தண்ணீர் ஓஸைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"பாய், மோட்டரப் போடுங்க."

மோட்டார் அறை என் பக்கத்தில்தான் இருந்தது. நான் போட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தண்ணீர் பீய்ச்சியது. பரப்பியதன் மேல், குவித்ததன் மேல், மூடப்போன குவியல் மேல் எல்லாம் அடித்தான். ஒரு நாள் காய்ந்தது முழுவதும் கஞ்சியாக ஓடியது. பெண்கள் மேலும் அடித்தது. முதலாளி ஓஸைப் பிடுங்கக் கிட்டே வந்தார், அவர் முகத்திலும் அடித்தது. அந்த ஆலை தொடங்கிய நாளிலிருந்து யாரும் யாரையும் திட்டாத திட்டு அன்றைக்கு அவனைத் திட்டினார்கள். ஆராயிதான் எல்லாரையும்விடச் சத்தமாக. வாழ்நாளில் அவனிடம் 'ங்க' போடாமல் பேசாதவர், "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? ஒரு நாள் ஒழைப்ப நாசம் பண்ணிட்டியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்றார். அள்ளுவதற்கு இனி எதுவும் இல்லை. தண்ணீருக்கு ஒதுங்கி, பலகைகளைப் போட்டுவிட்டு, திட்டிக்கொண்டே எல்லாரும் கூரைக்குக் கீழே ஓடினார்கள். முதலாளியும் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார், நானும் அவர்களோடு போய் நின்றேன்.

தனசேகர் ஓஸைக் கீழே போட்டான். கூரைக்குக் கீழே நின்றவர்களை ஒரு தடவை பார்த்தான், எல்லாரும் வந்துவிட்டார்களா என்று. பிறகு எங்கள் பக்கம் ஓடி வந்தான்.

வெள்ளையாக ஒன்று. அவ்வளவுதான் நான் பார்த்தது.

கண் தெரிந்தபோது அவன் களத்தின் பாதியில் குப்புறக் கிடந்தான். நானும் எடை போடுகிறவரும் அவனைக் கூரைக்கு இழுத்து வந்தோம். இடி விழுந்தவரைத் தொட்டால் நமக்கு மின்சாரம் பாயாது, உடனே நெஞ்சை அழுத்த வேண்டும் என்று எங்கள் குழுவில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். அழுத்தினேன். மழை வந்து, கொட்டி, ஆம்புலன்ஸ் வந்து, அதில் வந்த ஆள் என் கையைப் பிடித்து விலக்கும்வரை அழுத்தினேன். அவன் சட்டையெல்லாம் ஜவ்வரிசி ஒட்டியிருந்தது.

இது நடந்த கதை. ஊரில் சொல்கிற கதை வேறு. இடிக்குப் பயப்படாத கிறுக்கன், மேகத்தைப் பார்த்தால் அவனுக்குச் சாமி வந்துவிடும், சாவைத் தேடிக்கொண்டு பல வருடம் அலைந்தவன், கடைசியில் அது கிடைத்துவிட்டது, போகிற போக்கில் முதலாளி மூஞ்சியில் தண்ணி அடித்துவிட்டுப் போனான் என்று. டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பாசத்தோடுதான் சிரிக்கிறார்கள், அது தெரியும். இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதலாளி இழவு வீட்டுக்கு வந்து கடைசிவரை நின்றார். இந்த சீசனில் அவர் ஆலையில் மலை கறுத்த உடனே சங்கு ஊதுகிறார்கள். இடி கிட்டே வந்துவிட்டால் நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பக்கத்து ஆலைகளில் பழையபடிதான்.

நான் இப்போது எங்கும் போவதில்லை. ரேடார் படத்தைப் போனில் இருந்து எடுத்துவிட்டேன். தூரத்தில் உறுமினாலே தார்ப்பாய்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிடுகிறேன், நிற்கக்கூட முடிவதில்லை. எதிர்க்கடைக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

போன மாதம் ஆராயி கடைக்கு வந்தார். இலக்கியாவைப் பார்த்துவிட்டு சேலத்திலிருந்து திரும்புகிற வழியில். உட்காரச் சொன்னேன். கொஞ்ச நேரம் மகளைப் பற்றிப் பேசினார். வெளியே மேகம் கட்டிக்கொண்டிருந்தது, எனக்குப் பேச்சில் மனம் ஒட்டவில்லை. அவர் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அண்ணா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"அன்னிக்கு நான் அவர நீன்னு பேசிட்டனுங்ணா. அது கெடக்கட்டும். நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. அவரு பயந்தாருங்களா?"

ஆறுதலாக ஒரு பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். புருஷன் வீரமாகச் செத்தான் என்று கேட்கத்தான் எந்தப் பெண்ணும் விரும்புவாள் என்று நினைத்தேன். ஆனால் அவனைப் பற்றி ஊரே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது, நானும் சேர வேண்டாம் என்று பட்டது.

"பயந்தாரும்மா. என்னைவிட ரொம்ப பயந்தாரு. மல்லியகரையில இருந்தே கை நடுங்கிட்டு இருந்துச்சு. ஓஸப் புடிச்சப்பவும் நடுக்கம் நிக்கவே இல்ல. அவரு ஜவ்வரிசி மேலதான் அடிக்கப் பாத்தாரு, கை ஆடி உங்க மேல எல்லாம் பட்டுருச்சு. முதலாளி மூஞ்சியில அடிச்சதும் அப்படித்தான். வேணும்னு அடிக்கல."

ஆராயி தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்று எனக்குப் பதறியது. அவர் நிமிர்ந்தபோது கண் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் முகம் ஒரு வருடமாக இல்லாத மாதிரி தெளிந்திருந்தது.

"சாவத் தேடிப் போனவருன்னு சொல்றாங்கண்ணா. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன், எங்கள உட்டுட்டு அதத் தேடிப் போயிட்டாருன்னு" என்றார். "சாவத் தேடிப் போறவருக்கு எதுக்குங்ணா கை நடுங்குது? அவரு ஊட்டுக்கு வாரதுக்குத்தான் பாத்திருக்காரு."